பாட்டுக்கு ஒரு முகவரி

வானொலியில் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் பின்வருவது ஒரு கேள்வியாகவே தோன்றியிருக்காது. மக்கள் எழுதிக் கேட்ட பாட்டுகளில் பெரும்பாலானவை, யாரும் கேட்காவிட்டாலும் வரக்கூடியவை. படம் ஓடிக்கொண்டிருக்கும், அதன் பாட்டு காலையில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் தானாகவே ஒலிக்கும். அப்படியிருக்க, 15 காசு கொடுத்து அஞ்சலட்டை வாங்கி, பாட்டின் முதலடியையும் படத்தின் பெயரையும் எழுதி, கீழே வீட்டிலுள்ள அத்தனை பேர் பெயரையும், போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயரையும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் ஏன் காத்திருந்தார்கள்?

பாட்டு வேண்டியிருந்தது என்பது பாதி விடை. அறிவிப்பாளர் ஊரின் பெயரைச் சொல்லி, மூச்சு விடாமல் அந்தப் பெயர்களை வாசித்து முடிக்கும் அந்த அரை நிமிடம்தான் மீதி விடை. அதற்குப் பிறகு வரும் மூன்றரை நிமிடம் எல்லோருக்குமான பாட்டாக இல்லாமல் அந்தத் தெருவின் பாட்டாக ஆகிவிடும். அஞ்சலட்டையில் தன் பெயருக்கு அடுத்தபடியாக யார் பெயர் வரவேண்டும் என்று யோசித்து யோசித்து எழுதியவர்கள் இருந்தார்கள். அதைக் கேட்ட லட்சக்கணக்கானவர்களுக்கு அது வெறும் பெயர்ப் பட்டியல். ஒரே ஒருவருக்கு மட்டும் அது கடிதம்.

‘இப்போது என்ன பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறாய்?’ என்ற கேள்வியும் அதற்கான பதிலும் இன்று செல்போனில் நடக்கின்றன. இதை ரசனையின் வெளிப்பாடு என்றோ, தற்பெருமை என்றோ சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு இரண்டும் போதுமானதாகத் தெரியவில்லை. பகிரப்படும் பாட்டின் பொருளைப் பாட்டு பாதிதான் முடிவு செய்கிறது. அது யாருக்கு என்று எழுதப்பட்டிருக்கிறது, அந்த முகவரி வெளியே தெரிகிறதா, மறைந்திருக்கிறதா என்பதே மீதியை முடிவு செய்கிறது. கடந்த எழுபது ஆண்டுகளில் வந்த ஒவ்வொரு கருவியும் இந்த முகவரியை எழுதும் விதத்தைத்தான் மாற்றியிருக்கிறது.

இலங்கை வானொலியிலிருந்து தொடங்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் அமைக்கப்பட்ட சக்தி வாய்ந்த ஒலிபரப்பு வசதி, போர் முடிந்த பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் அங்கே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. இரண்டே ஆண்டில் இந்தியா அதற்குப் பெரிய உதவி ஒன்றைச் செய்தது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதியவர். பாட்டை ஒலிபரப்பும்போது படத்தின் பெயரைச் சொல்வதே விளம்பரம் என்று அகில இந்திய வானொலி அதை நிறுத்த, தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு உரிமங்களைத் திரும்பப் பெற, திரையிசை இந்திய வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போனது. நேயர்கள் பெட்டியின் முள்ளைக் கொழும்பை நோக்கித் திருப்பினார்கள். வடக்கே ‘பினாகா கீத்மாலா’ நிகழ்ச்சியை வழங்கிய அமீன் சயானியின் குரலும், தெற்கே எஸ்.பி. மயில்வாகனம், பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களும் வீட்டுக் குரல்களாயின. 1957 அக்டோபரில், திரையிசை ஒலிபரப்பும் விவித் பாரதியைத் தொடங்கி இந்திய வானொலி தோல்வியை ஒப்புக்கொண்டது என்றே சொல்லலாம்.

விருப்பப் பாடலில் பெயர் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஜும்ரி தலையா சாட்சி. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள மைக்கா சுரங்க ஊர் அது. அங்கிருந்து குவிந்த விருப்ப அட்டைகளால் அந்தப் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. வேறெந்த வழியிலும் வரைபடத்தில் இடம் பிடித்திருக்க முடியாத ஓர் ஊர், பாட்டுக் கேட்டே பெயர் வாங்கியது.

இப்படிப் பலர் முன்னிலையில் விருப்பத்தைச் சொல்வது மற்றவர்களின் விருப்பத்தை என்ன செய்கிறது? இதற்குத் தமிழ் வானொலியை வைத்து நடந்த சோதனை எதுவும் இல்லை. ஆனால் 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் மாத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு மிக அருகில் வருகிறது. அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்தார்கள். 14,341 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடலின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டு தனித்தனி ‘உலகங்களாக’ப் பிரித்து, தத்தம் உலகில் எந்தப் பாடலை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த இடங்களில் எல்லாம் முன்னணிப் பாடலுக்கும் பின்தங்கிய பாடலுக்கும் இடையிலான தூரம் கூடியது. அதைவிட முக்கியமான விஷயம், எட்டு உலகங்களிலும் ஒரே பாடல் வெல்லவில்லை. மிக நல்ல பாடல்கள் படுதோல்வி அடைவதும், மிக மோசமானவை உச்சிக்குப் போவதும் அபூர்வம்தான். ஆனால் இடைப்பட்ட பெரும் கூட்டத்துக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலை.

இதைப் படித்த பிறகு நம் ‘காலத்தால் அழியாத பாடல்கள்’ பட்டியலைப் பழைய பக்தியோடு பார்க்க என்னால் முடியவில்லை. கேட்டதால் ஒலிபரப்பினார்கள், ஒலிபரப்பியதால் இன்னும் பலர் கேட்டு எழுதினார்கள். அந்தப் பட்டியலில் எத்தனை பாடல்கள் காலத்தால் அழியாதவை, எத்தனை அஞ்சலட்டைகளால் அழியாதவை?

வானொலியைப் போலவே ஊருக்கே பாட்டுப் போட்ட இன்னொருவர் மைக் செட்காரர். கல்யாண வீட்டு வாசலிலும் கோவில் வேப்பமரத்திலும் கட்டிய குழாய் விடியும் முன்பே பேசத் தொடங்கிவிடும். என்ன விசேஷம், யார் வீட்டு விசேஷம், அவர்கள் எந்த நடிகரின் ஆட்கள், செலவு செய்யக்கூடியவர்களா என்பது வரை அடுத்த ஊருக்கே தெரியும். இசையியல் ஆய்வாளர் பால் கிரீன் 1999இல் ‘எத்னோமியூசிகாலஜி’ இதழில் எழுதிய கட்டுரை, ஒரு தமிழ்க் கிராமத்தில் பக்திக் கேசட்டுகளை ஒலிபெருக்கியில் போடுவதையே வழிபாட்டு நிகழ்த்துதலாகக் காண்கிறது. பதிவான குரல் சென்னை ஸ்டூடியோவில் பாடிய யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். அதை எப்போது, எதற்குப் பின் எது, எந்தத் திசையில் என்று முடிவு செய்யும் கை உள்ளூர்க் கை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு கட்டி, இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுத்தன. விதி வந்ததில் வருத்தப்பட எதுவுமில்லை. தேர்வுக்குப் படித்தவர்களும் நோயாளிகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முகவரி முழுமையாக ஒற்றை ஆளுக்கானதாக ஆனது கேசட் காலத்தில்தான். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த சிறு கேசட், தமிழ்நாட்டில் எண்பதுகளில் தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டரை உண்டாக்கியது. ஒடுக்கமான கடை, சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள், இளையராஜா படம் ஒன்று, மேசைமேல் அட்டை கிழிந்த நீள நோட்டுகள். நோட்டில் படவாரியாகப் பாட்டுகள், பக்கத்தில் பாடியவர் பெயர், சிலவற்றில் நிமிடக் கணக்கு. வாடிக்கையாளர் நோட்டைப் புரட்டி ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுப்பார். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. 90 நிமிடம் என்றால் பத்து. இரண்டு நாள் கழித்துப் போனால் கேசட்டோடு, முத்து முத்தான கையெழுத்தில் பாட்டு வரிசை எழுதிய அட்டையும் கிடைக்கும்.

இந்தத் தாளை எழுதுவது சாமானிய வேலை இல்லை. முதல் பாட்டு எது என்பதில் தொடங்கும் குழப்பம். எடுத்த எடுப்பில் சோகம் கூடாது. எல்லாமே காதலாக இருந்தால் வீட்டில் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே நடுவில் ஒரு பக்திப் பாட்டு, ஒரு தாலாட்டு. சொல்ல வேண்டியது பி பக்கத்தில் மூன்றாவதாக ஒளிந்திருக்கும். கேசட்டில் பாட்டைத் தாண்டிப் போவது சிரமம், பட்டனை அழுத்தி ஓடவிட்டால் அடுத்த பாட்டின் பாதியில் போய் நிற்கும். அதனால் வரிசை வரிசையாகவே கேட்கப்பட்டது. கொடுப்பவர் போட்ட ஒழுங்கை வாங்குபவர் பின்பற்றியே ஆகவேண்டும். இன்றைய பிளேலிஸ்டில் அந்தக் கட்டாயம் கிடையாது. கடைக்காரரும் சும்மா இருக்கமாட்டார். ‘ஏ பக்கத்துல ரெண்டரை நிமிஷம் மிச்சம் இருக்கு தம்பி, சின்னப் பாட்டா ஒண்ணு சொல்லுங்க, இல்லேன்னா மியூசிக் போட்டு நிரப்பிடறேன்’ என்பார். அப்படி நிரப்பிய பின்னணி இசைத் துண்டு பாதியில் அறுந்து, நாடா உராயும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு, டக் என்று பட்டன் மேலே வரும்.

கேசட்டின் முதுகு ஓரத்தில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றைப் பேனா முனையால் உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. ஒருவருக்குக் கொடுக்கும் கேசட் என்றால் உடைத்துத்தான் கொடுப்பார்கள். பிரிவு வந்த பிறகு அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டி, மேலே வேறு பாட்டுகளைப் பதிந்துகொண்டவர்களும் உண்டு; கேசட் விலை அப்படி.

ரெக்கார்டிங் சென்டர் தொழில் சட்டப்படி திருட்டு. 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். இசை நிறுவனங்களுக்கு ஏற்பட்ட இழப்பு உண்மையானது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒரு காசும் போகவில்லை என்பதும் உண்மை. அதே வேளையில், மக்கள் தாங்களே பாட்டுகளைத் தேர்ந்து கோத்து இன்னொருவரிடம் பேசிய முதல் இடமும் அதுதான்.

தனியாகக் கேட்பது என்ற பழக்கமே எவ்வளவு கூச்சத்தோடு நுழைந்தது என்பதற்கு வாக்மேன் சான்று. 1979 ஜூலையில் ஜப்பானில் சோனி வெளியிட்ட முதல் மாடலில் ஹெட்போன் சொருக இரண்டு துளைகள் இருந்தன. ஆரஞ்சு நிறப் பட்டன் ஒன்றை அழுத்தினால் இசை தணிந்து, சிறு மைக் வழியாக இருவரும் பேசிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் தனக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று நிறுவனத்தின் தலைவர் அகியோ மொரிட்டா நினைத்தார். வாங்கியவர்கள் அப்படி நினைக்கவில்லை. ஆளுக்கொரு கருவி வேண்டும் என்றார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்த ஆரஞ்சுப் பட்டன் இல்லை.

காதுக்குள் போன பாட்டை வெளியே காட்டுவதற்கு இப்போது தனியாக ஒரு முயற்சி தேவைப்பட்டது. காட்டுவதா வேண்டாமா என்ற யோசனையும் அங்கேதான் பிறந்தது. 2005இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஏமி வோய்டாவும் சக ஆய்வாளர்களும் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் ஊழியர்கள் 13 பேரிடம் பேசினார்கள். அலுவலக வலைப்பின்னலில் ஒருவரின் ஐடியூன்ஸ் இசைத் தொகுப்பை மற்றவர்கள் கேட்க முடிந்தது. பகிரும் வசதியை இயக்குவதற்கு முன்னால் பலர் தங்கள் தொகுப்பை ஒருமுறை மேற்பார்வை பார்த்திருந்தார்கள். மனைவிக்காக வாங்கிய பாட்டுகளைத் தன் ரசனை என்று சக ஊழியர்கள் நினைத்துவிடுவார்களோ என்று கவலைப்பட்டார் ஒருவர். கேட்பவர் யார் என்று தெரியாதபோது, தொகுப்பு முழுவதற்கும் நாமே பொறுப்பேற்க வேண்டியதாகிவிடுகிறது. ரெக்கார்டிங் சென்டர் தாளில் நாம் எழுதிக் கொடுத்தது மட்டும்தான் வெளியே போனது. இங்கே நாம் எழுதாததும் சேர்ந்து போகிறது.

இதன் அடுத்த கட்டம் கணக்கு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற மாணவர் 2002இல் ஆடியோஸ்க்ரோப்ளர் என்ற நிரலை எழுதினார். கணினியில் ஓடும் ஒவ்வொரு பாட்டையும் தானாகவே குறித்துக்கொள்ளும் நிரல் அது. லாஸ்ட்.எஃப்எம் என்ற இசைத் தளம் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பாட்டில் பாதியோ நான்கு நிமிடமோ, எது முதலில் வருகிறதோ அதைத் தாண்டினால் ‘கேட்டதாக’ப் பதிவாகும் என்பது அதன் விதி. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி போதும். 2011 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபையும் ஃபேஸ்புக்கும் கைகோத்தபோது, கேட்கும் பாட்டெல்லாம் அந்தந்த நொடியில் நண்பர்களுக்குத் தெரியத் தொடங்கியது. எதிர்ப்பு கிளம்பிய சில நாள்களிலேயே, யாருக்கும் தெரியாமல் கேட்கும் வசதியை ஸ்பாட்டிஃபை சேர்த்தது. பகிர்வதற்கு ஆசைப்பட்ட அதே மனிதர்கள்தான் மறைக்கவும் இடம் கேட்டார்கள். இதில் முரண் இல்லை. கேசட்டில் பி பக்கம் மூன்றாவது பாட்டை ஒளித்து வைத்தவரும் அதையேதான் செய்தார்.

ஆண்டு முடிவில் ஸ்பாட்டிஃபை தரும் ‘ராப்ட்’ அட்டை, 2016 முதல், இந்தக் கணக்கைத் திருவிழாவாக ஆக்கியிருக்கிறது. இந்தியாவுக்கு ஸ்பாட்டிஃபை வந்தது 2019 பிப்ரவரியில். டிசம்பர் பிறந்தால் இங்கேயும் வண்ண வண்ண அட்டைகள் பறக்கின்றன. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஆண்டின் முதலிடம் நர்சரிப் பாட்டுக்கோ, தூங்க வைக்கப் போட்ட மழைச் சத்தத்துக்கோ போய்விடும். வீட்டுக்கு ஒரே கணக்கு என்றால் பாட்டியின் கந்தசஷ்டி கவசமும் பேரனின் அனிருத்தும் ஒரே ஆளின் ரசனையாகிவிடும். பலர் அந்த அட்டையை ‘இது நான் இல்லை’ என்ற விளக்கத்தோடுதான் பகிர்கிறார்கள். விளக்கம் இல்லாமல் எவ்வளவு பகிர்ந்தாலும் அந்த அட்டை யாருக்கும் எழுதப்பட்டதல்ல என்பது என் எண்ணம். நிறுவனத்துக்குக் காசில்லாத விளம்பரம். பார்ப்பவருக்கு ஒரு நொடி வேடிக்கை.

தமிழ்நாட்டில் பாட்டுப் பகிர்வு இன்று உயிரோடு இருக்கும் இடம் வேறு. அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். 2017இல் வந்த இந்த வசதியில் வெகுகாலம் ஒரு வீடியோவுக்கு 30 வினாடிதான் வரம்பு. 2020 மார்ச்சில், ஊரடங்கின்போது வலைப்பின்னல் சுமையைக் குறைக்க இந்தியாவில் அதைக் கொஞ்ச நாள் 15 வினாடியாகச் சுருக்கினார்கள். இந்த வரம்புக்குள் ஒரு தொழிலே முளைத்தது. பாட்டை 30 வினாடியாக நறுக்கி, பின்னால் மழையோ ரயில் ஜன்னலோ ஓட, வரிகளைத் தமிழிலோ தங்கிலீஷிலோ மிதக்கவிட்டு யூடியூப்பில் ஏற்றும் பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எங்கே நறுக்குவது என்பதில்தான் அவர்களின் திறமை. பல்லவியை எல்லோரும் எடுப்பார்கள். விவரமானவர் இரண்டாம் சரணத்தில் யாரும் கவனிக்காத ஒரு வரியில் கத்தரியை வைப்பார்.

ஸ்டேட்டஸ் போடுபவரின் பட்டியலில் மாமா, முதலாளி, பள்ளி ஆசிரியர், கேஸ் சிலிண்டர் போடுபவர் என்று முந்நூறு பேர் இருக்கலாம். பாட்டு அவர்களுக்கானதல்ல. கண் போன்ற அந்தச் சின்னத்தைத் தொட்டு, பார்த்தவர்கள் பட்டியலை மேலிருந்து கீழாக உருட்டி, ஒரு பெயர் இருக்கிறதா என்று தேடுவதில்தான் விஷயம் இருக்கிறது. வேண்டாதவர்களை மட்டும் நீக்கிப் போடும் வழியும் உண்டு. அது தெரிந்தவர்கள், தங்களுக்கு ஒருவரின் ஸ்டேட்டஸ் தெரியாமல் போனால் காரணத்தைத் தாங்களே ஊகித்துக்கொள்கிறார்கள். சோகப் பாட்டு வந்தால் ‘என்னாச்சு மச்சி?’ என்று ஒருவர் கேட்பார். ‘ஒண்ணுமில்ல, பாட்டு நல்லாருந்துச்சு’ என்று பதில் போகும். அந்தப் பதிலைக் கேட்டவரும் நம்புவதில்லை, சொன்னவரும் நம்பிச் சொல்வதில்லை. எல்லோர் முன்னும் போட்டாலும் மறுத்துவிட வழி இருக்கிறது. நேயர் விருப்பத்தில் பெயர்ப் பட்டியலுக்குள் ஒரு பெயரை நுழைத்தவருக்கும் இதே வசதி இருந்தது.

முகவரியே இல்லாத பாட்டு எப்படியிருக்கும் என்பதைப் பேருந்தில் பார்க்கலாம். செல்போனில் ஸ்பீக்கரைத் திறந்து விடுபவரின் தொல்லை தாங்காமல் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021 நவம்பரில் அரசுப் பேருந்துகளில் அதற்குத் தடை விதித்தது. மும்பையின் பெஸ்ட் பேருந்து நிறுவனம் 2023 ஏப்ரலில் ஹெட்போன் இல்லாமல் கேட்கக் கூடாது என்றது. ஆனால் கோவை, மதுரைப் பக்கத்துத் தனியார் டவுன் பஸ்களில் ஓட்டுநர் போடும் பாட்டு இதைவிடப் பல மடங்கு சத்தம். அந்தப் பாட்டுக்காகவே முன்னால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநரின் பென் டிரைவில் காலை நேரத்துக்கு ஒன்று, கல்லூரி விடும் நேரத்துக்கு ஒன்று, கடைசி டிரிப்புக்கு ஒன்று என்று வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். யார் ஏறுவார்கள் என்று தெரிந்து கோத்த வரிசை அது. பிடிக்காவிட்டால் கண்டக்டரிடம் ‘அண்ணே, வேற பாட்டுப் போடச் சொல்லுங்க’ என்று கேட்கலாம், பல நேரம் மாற்றியும் விடுவார்கள். செல்போன்காரரிடம் அப்படிக் கேட்டுப் பார்த்தால் சண்டைதான் வரும்.